மாஸ்க்கின் துளைகளை அடைக்காதீர்கள், ஜன்னலைத் திறங்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 52 வயது, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். எடை 108 கிலோ. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்கும் ‘ஸ்லீப் அப்னியா’வுக்காக மூன்று வருடமாக ‘குறட்டை மெஷின்’ (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி) போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 46 என்று இருக்கிறது, மெஷினின் அழுத்தம் 11. வீட்டில் ஒரு பெட்ரூம், ஒரு ஹால், சமையலறை. ஏசி பெட்ரூமில் மட்டும்தான். அக்னி நட்சத்திரம் என்பதால் கணவன், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், 74 வயது மாமியார் என எல்லோருமே அங்கேதான் படுக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை (மே 20, 2021) அவருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை கோவிட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. இந்த மெஷின் கிருமியை வீடு முழுக்க ஊதிவிடும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, அன்று ராத்திரியே மாஸ்க்கின் முன்பக்கம் உள்ள பொடித் துளைகளை மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் “மூச்சு முட்டுது” என்று அவர் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதோடு மெஷின் பீரோவுக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்தவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 83 சதவீதம். பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கே 96 காட்டுகிறது. பெட் காலியில்லாத நேரத்தில் நன்றாக இருப்பவரை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

இப்போது கேள்விகள். மெஷினைப் போடலாமா, கூடாதா? நிலைமை மோசமாகி பெட் கிடைக்காவிட்டால் இதையே ஆக்சிஜனுக்குப் பதிலாக வைத்துச் சமாளிக்கலாமா? மெஷினில் ஊற்றும் தண்ணீரிலிருந்து கறுப்புப் பூஞ்சைத் தொற்று வருமா? தம்பியின் மாமனாருக்கு ஆக்சிஜன் 88-க்கு வந்துவிட்டது, சும்மா கிடக்கும் மெஷினைக் கொடு என்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

சகோதரி, பிளாஸ்டர் விஷயத்தையும் தம்பியின் மாமனார் விஷயத்தையும் தள்ளிப்போட முடியாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த மாதம் பல வீடுகளிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

அந்தத் துளைகள் எதற்கு?

சிபாப் மாஸ்க்கில் உள்ள துளைகள் அழகுக்கு வைத்தவை அல்ல. குழாய் ஒன்றுதான். அதன் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. நாம் விடும் மூச்சு வெளியேற இந்தத் துளைகளை விட்டால் வேறு வழி இல்லை. அவற்றை அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியதுதான். கால் மணி நேரத்தில் அவர் பிடுங்கி எறிந்தது நல்லதாகப் போயிற்று. இருமல் மருந்து மயக்கத்தில் அசந்து தூங்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

பிளாஸ்டரை உரித்தபின் பசை ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷால் தேயுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். துளையின் அளவு மாறினால் காற்றின் கணக்கும் மாறிவிடும். பிறகு மெஷினை ஓடவிட்டு, மாஸ்க் முகத்தில் இருக்கும்போது துளைகளுக்கு எதிரே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். காற்று சீராக மேலே படவேண்டும்.

“வைரஸ் ஃபில்டர் ஒன்று வாங்கிக் குழாயில் மாட்டினால் போதாதா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக் கடைகளில் இதை விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மெஷினுக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டும் ஃபில்டர் மெஷினைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. மூச்சு வெளியே போவது முகத்தருகே, மாஸ்க் வழியாக. அதை வடிகட்ட வேண்டுமென்றால் துளையே இல்லாத வேறு மாஸ்க், ஃபில்டர், அதற்கப்புறம் தனியாகக் காற்றுப்போக்கி என்று வரிசையாகப் பொருத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் பழகியவர்கள் செய்கிற வேலை அது. வீட்டில் வேண்டாம்.

மெஷின் வைரஸைப் பரப்புமா?

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. மெஷின் வைரஸை உண்டாக்குவதில்லை, அவர் மூச்சில் இருப்பதை அறைக்குள் கொஞ்சம் வேகமாகத் தள்ளுகிறது. எவ்வளவு தூரம் என்பது மாஸ்க்கைப் பொறுத்தது. ஹாங்காங்கில் மனிதப் பொம்மைக்கு மாஸ்க் மாட்டி, புகை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூக்குத் துளையில் பொருத்தும் சிறிய வகையில் மூச்சு சுமார் ஓர் அடி வரை நேராகப் பாய்ந்தது. மூக்கையும் வாயையும் மூடும் வகையில் அப்படிப் பாயாமல் சுற்றிலும் கலைந்துவிட்டது. ஓர் அடிதானே என்று விட்டுவிட முடியாது. ஏழு மணி நேரம் மூடிய அறையில் சேர்ந்துகொண்டே போகும் காற்று அது.

எனக்கு இதில் பெரிய கவலை உங்கள் ஏசி. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றுப் பரவத் தொடங்கிவிடும். அந்த இரண்டு ராத்திரியும் நான்கு பேரும் அந்த மூடிய அறையில்தான் படுத்திருந்தீர்கள். மெஷின் இல்லாதவராக இருந்தாலும், குறட்டையும் இருமலுமாக அவர் அங்கே படுத்திருந்தால் தொற்றியிருக்கும். ஆகவே “மெஷினை நிறுத்தாமல் விட்டதால் அத்தைக்கு வந்துவிட்டால் என் பாவம்” என்று எழுதியிருந்தீர்களே, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முதலில் மாமியார்.

அப்படியானால் என்ன செய்வது?

மூன்று வழி உண்டு. மெஷினை நோய் தீரும்வரை நிறுத்திவைப்பது ஒன்று. தூக்கத்தில் லேசான மூச்சடைப்பு மட்டும் உள்ளவருக்கு, தனி அறை கொடுக்கவே முடியாத வீட்டில், இதற்கு நானே சம்மதிப்பேன். பக்கவாட்டில் படுத்து, தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து, பத்துப் பதினைந்து நாள் ஓட்டிவிடலாம். உங்கள் கணவருக்கு இது சரிப்படாது. 46 என்றால் ஒரு மணி நேரத்தில் 46 முறை மூச்சு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது என்று அர்த்தம். 30-ஐத் தாண்டினாலே கடுமையானது என்போம். நுரையீரலில் ஏற்கெனவே தொற்று இருக்கும் நேரத்தில் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதும், காலையில் பிரஷர் எகிறுவதும் அவருக்குத் தாங்காது. நான்கு ராத்திரி போடாமல் விட்டதில் குடி முழுகிவிடவில்லை. ஆனால் ஐந்தாவது ராத்திரியும் வேண்டாம்.

இரண்டாவது, கோவிட் சிகிச்சை மையத்தில் சேர்ப்பது. ஆக்சிஜன் சரியாக இருக்கும் இப்போதைக்கு அவசியமில்லை. பொது வார்டில் பல பேர் நடுவே இந்த மெஷினை ஓட்ட அனுமதிக்கவும் தயங்குவார்கள்.

மூன்றாவது, மெஷினைத் தொடர்ந்துகொண்டு வீட்டின் அமைப்பை மாற்றுவது. நான் சொல்வது இதைத்தான். பெட்ரூமை அவருக்கு விட்டுவிடுங்கள். ஏசி வேண்டாம், ஜன்னல்கள் ராத்திரி பகல் திறந்தே இருக்கட்டும். கொசு வலை அடித்திருந்தால் போதும். ஹாலில் உள்ள ஸ்டாண்ட் ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி வையுங்கள், அறைக்காற்றைத் தெருப்பக்கம் தள்ளட்டும். வெளியே ஆள் நடமாட்டம் உள்ள ஜன்னலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தலை ஜன்னலோரம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். கதவை மூடி, அடியில் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள்.

நீங்களும் மகளும் மொட்டை மாடியில் படுக்கலாம் என்றால் இந்த வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மாமியாரால் படி ஏற முடியாது என்றிருக்கிறீர்கள். அவர் கட்டிலை ஹாலில் வாசல் கதவுப் பக்கமாகப் போட்டு, அங்கேயும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கணவரோ மாமியாரோ அழைத்தால் கேட்க ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதனால் அவரவர் பக்கத்தில் செல்போனை வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைப் போடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. மாஸ்க்கை முகத்தில் மாட்டி வாரை இறுக்கிய பிறகே மெஷினை ஆன் செய்ய வேண்டும். காலையில் முதலில் மெஷினை ஆஃப் செய்துவிட்டு அப்புறம் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தத்தோடு வரும் காற்று முகத்திலிருந்து அறை முழுக்க அடிக்கும். கழற்றி அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் உள்ளே போகாதீர்கள். போகும்போது நீங்கள் என்95, அவர் சாதாரண மாஸ்க்காவது போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, ஊரடங்கில் சலூன் மூடியிருப்பதால் அவருக்குத் தாடி வளர்ந்திருக்கும். தாடிக்கு மேல் மாஸ்க் ஒழுங்காகப் பதியாது, ஓரமெல்லாம் காற்று கசியும். வீட்டிலேயே மழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொற்றுக்காக சாம்பிராணி போடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் அறையில் வேண்டாம். மெஷின் அந்தப் புகையையும் இழுத்து அவர் மூக்கில்தான் விடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு 83

அந்த 83 பொய் இல்லை, ஆஸ்பத்திரியில் வந்த 96-ம் பொய் இல்லை. மெஷின் இல்லாமல் அவர் தூங்கும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் சரிகிறது. மூளை உலுக்கி எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது, ஆக்சிஜனும் ஏறிவிடுகிறது. அவருக்கு இது ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பள்ளத்தில் இருந்த நொடியில் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். விழித்து, வண்டியில் உட்கார்ந்து போனதும் தானாகச் சரியாகிவிட்டது. அங்கே உங்களைத் திட்டியவர்களிடம் ‘இவருக்கு ஸ்லீப் அப்னியா இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

ஆகவே அளவை எப்போதும் விழித்திருக்கும்போது எடுங்கள். எழுந்து உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து. மெஷின் ஓடும்போது எடுத்தால் அந்த அழுத்தமே அளவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, நுரையீரலில் நடப்பதை மறைக்கலாம். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளட்டும். விரலில் மாட்டி ஒரு நிமிடமாவது பொறுத்து, எண் ஒரே இடத்தில் நின்றபின் எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை போதும். காலையும் மாலையும் அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்தபின் ஒருமுறை பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழ் இருந்தால் நடக்கவிட வேண்டாம்.

94-க்குக் கீழே போனாலோ, நடந்தபின் 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள், மருத்துவ ஆலோசனை எண் 104-க்கும் பேசலாம். ராத்திரி சந்தேகம் வந்தால் எழுப்பி உட்கார வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஏறிவிட்டால் தூக்கத்தின் கோளாறு. உட்கார்ந்தும் ஏறாவிட்டால் கோவிட் நிமோனியாவாக இருக்கலாம், அப்போது தயங்காமல் 108. நீங்கள் இதைப் படிக்கும் வியாழக்கிழமை அவருக்கு எட்டாவது நாள். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் திரும்புகிறது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அளவெடுப்பதை நிறுத்தாதீர்கள்.

ஆக்சிஜனுக்குப் பதிலாகாது

சிபாப்பை 1981-இல் உலகுக்கு அறிவித்தவர் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன். ஆரம்பகாலக் கருவிகளில் ஓடியது வாக்குவம் கிளீனர் மோட்டார். இன்றைக்குச் சத்தம் குறைந்து சின்னதாகிவிட்டாலும் அடிப்படை அதேதான். அறையில் இருக்கும் காற்றை அழுத்தத்தோடு தள்ளித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கும் காற்றாடி. அறைக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மெஷின் வழியாக வரும்போதும் அதே 21 சதவீதம்தான்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் மெர்சிடிஸ் பந்தயக் கார் எஞ்சின் பொறியாளர்களும் சேர்ந்து நூறு மணி நேரத்துக்குள் ஒரு சிபாப் கருவியைச் செய்து காட்டினார்கள். அதை வைத்துக் கோவிட் நோயாளிகளுக்குச் சிகிச்சையும் நடந்தது. அது ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனைக் கலந்து கொடுக்கும் கருவி. பெயர் ஒன்று என்பதற்காக உங்கள் பீரோவில் இருப்பதும் அதுவும் ஒன்றாகிவிடாது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வாங்கி இதோடு இணைக்கலாமா என்றால், அதற்கென்று இணைப்பான் உண்டு, செய்யவும் செய்கிறோம். ஆனால் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரும் ஆக்சிஜன் மெஷினின் வேகமான காற்றில் கலந்து நீர்த்துவிடும். எவ்வளவு கிடைக்கிறது என்று ஊகத்தில் விட முடியாது. டாக்டர் சொல்லி இணைக்க நேர்ந்தால், முதலில் மெஷினை ஆன் செய்து அப்புறம் ஆக்சிஜனைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜன், கடைசியில் மெஷின். தவறினால் ஆக்சிஜன் மெஷினுக்குள் தேங்கி, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

தம்பியின் மாமனாருக்கு மெஷினைக் கொடுக்காதீர்கள். கருமித்தனம் என்று நினைத்தால் நினைக்கட்டும். 88-ல் இருப்பவருக்குத் தேவை ஆக்சிஜன், அதுவும் உடனே. இந்த மெஷினைப் போட்டுவிட்டு ‘சிகிச்சை நடக்கிறது’ என்ற நிம்மதியில் இரண்டு நாள் ஓடிவிட்டால் அவர் பிழைப்பது கடினம். பெட் கிடைக்கும்வரை குப்புறப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது உதவும்.

தண்ணீர், பூஞ்சை, மாத்திரைகள்

மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர் டப்பாவில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய நீர். கேன் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவையுங்கள். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அவரே கழுவி நிழலில் உலர்த்தட்டும். வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பே அதைக் கரைத்துவிடும். சானிடைசர், டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். சிலிகான் கெடும், அந்த நெடியையும் அவர்தான் ராத்திரி முழுக்க இழுக்க வேண்டியிருக்கும்.

டப்பாவை இப்படிச் சுத்தமாக வைத்திருந்தால் கறுப்புப் பூஞ்சைக்கு மெஷினைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூஞ்சை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பதுதான். இப்போது அது பிடிப்பது பெரும்பாலும் கட்டுக்கடங்காத சுகரும், ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பை. இதைச் சொல்லும்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை உறுத்துகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ‘கிட்’ என்று நீங்கள் எழுதிய பட்டியலில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. அது உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு. 96 காட்டுகிற, சுகர் உள்ள ஒருவருக்கு அதனால் கெடுதலே அதிகம். டாக்டர் சீட்டு இல்லாமல் இரண்டு மூன்று நாள் கொடுத்ததென்றால் நிறுத்திவிடுங்கள், சுகரைத் தினமும் பாருங்கள். டாக்டர் எழுதியதென்றால் அவரிடம் கேட்டு முடிவெடுங்கள். அதே பட்டியலில் கோடீன் கலந்த இருமல் சிரப்பும் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு மயக்கம் தரும் எதையும் கொடுக்கக் கூடாது. தூக்க மாத்திரையும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால்

மெஷின், மாஸ்க், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் மூன்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள். வார்டில் மெஷினைப் போட விடுவார்களா என்பது அங்குள்ள வசதியைப் பொறுத்தது, சண்டை போட வேண்டாம். ‘ஸ்லீப் அப்னியா, அழுத்தம் 11’ என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மயக்க மருந்து கொடுக்கும் நிலை வந்தால் அந்த ஒரு வரி மிகவும் முக்கியம்.

காய்ச்சல் தொடங்கிப் பத்து நாள் முடிந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சலே இல்லாமல் இருந்தால் தனிமை முடிந்தது என்பது 2021 மே மாதத்தில் இருந்த அரசு வழிகாட்டல். சுகரும் எடையும் இருப்பதால் இன்னும் நான்கைந்து நாள் கூடுதலாக அந்த அறையிலேயே அவர் படுத்தால் எனக்கு நிம்மதி. பிறகு மெஷினின் ஃபில்டரை மாற்றி, குழாயையும் மாஸ்க்கையும் ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். மாஸ்க்கிலிருந்து அவருக்கே மறுபடி தொற்றிவிடும் என்ற பயம் வேண்டாம். அவருக்குத் தடுப்பூசி, அதே 2021 மே மாத வழிகாட்டல்படி, குணமாகி மூன்று மாதம் கழித்து. மாமியாருக்கு ‘இந்த வயசில் ஊசி ஆகாது’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு, அந்த வயதுக்காரர்களுக்குத்தான் 2021 மார்ச்சிலேயே தொடங்கினார்கள். பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்து, இந்தத் தனிமை நாட்களும் முடிந்ததும் முதல் வேலையாகக் கூட்டிப் போங்கள்.

மெஷினின் பக்கவாட்டில், அது ஓடிய ராத்திரிகளைப் பதிந்துவைக்கும் சின்ன மெமரி கார்டு இருக்கும். உடம்பு தேறியபின் தூக்க மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துப் போங்கள். கோவிட் படுக்கையில் எடை மாறியிருந்தால் 11 என்ற அழுத்தத்தையும் மாற்ற வேண்டிவரலாம். நான்கு ராத்திரி ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் கேட்பார். பிளாஸ்டர் ஒட்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.